சொட்டவேண்டிய துளி

நம்மிடம் முன்னர்ப் பௌதிகம் பயின்று, இன்று அமெரிக்காவின் மசச்சூசெற்சு மாநிலக் கடற்கரையூர் ஒன்றிற் குடும்பத்தோடு வாழும் மாணவர் ஒருவர், சென்ற மாதம் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருந்தார். முப்பதடி நீளமுள்ள பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கியிருக்கிறாராம். படகின் அடியில், இயந்திரத்துக்குப் பின்னால், வெண்கலப் பெட்டி ஒன்றிலிருந்து கடல்நீர் சொட்டுகின்றதாம். அவருடைய துணைவியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் துளிகளை எண்ணியிருக்கிறார்: இயந்திரம் ஓடும்போது நிமிடத்துக்கு ஏழு, நின்ற பின்னர் ஒன்றும் இல்லை. “ஓட்டைப் படகையா வாங்கினீர்கள்?” என்பது அம்மையாரின் வினா. “நட்டை ஒரு சுற்று இறுக்கினால் நின்றுவிடும்” என்பது பக்கத்துப் படகுக்காரரின் மருந்து. “தொடாதே, அது சொட்டத்தான் வேண்டும்” என்பது படகுத்துறையில் வேலைசெய்யும் முதியவர் ஒருவரின் எச்சரிக்கை. இவர்களுள் யார் சொல்வது சரி? குளிர்காலம் வருமுன் அந்தப் பெட்டிக்குச் செய்யவேண்டுவன யாவை? இவையே நம்மிடம் வந்த கேள்விகள்.

விடையைத் தபாலில் அனுப்பிவிட்டோம். ஆயினும் அந்தச் சிறு பெட்டிக்குள்ளே மாணவர் கற்றற்குரிய பௌதிகம் மிகுதியாக அடங்கியிருத்தலின், இவ்வாரம் அதனையே நேயர்களோடு பேச எண்ணினோம்.

பாயினாற் செல்லும் கலத்துக்குப் பாய் போதுமே, இயந்திரம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. நமது வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் சமுத்திரங்களைக் கடந்து, 1938 ஆம் ஆண்டில் இதே மசச்சூசெற்சு மாநிலத்திலுள்ள குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்த வரலாற்றை நம்மவர் அறிவர். ஆனால் இன்றைய துறைமுகங்கள் படகுகளால் நெருங்கிக் கிடக்கின்றன. காற்று விழுந்த மாலையில், இருபுறமும் பிறர் படகுகள் நிற்கும் ஒடுங்கிய வழியிலே பாயை நம்பி உட்புகுதல் எளிதன்று. ஆதலால் ஏறத்தாழ எல்லாப் பெரிய பாய்ப்படகுகளிலும் சிறியதொரு டீசல் இயந்திரம் இருக்கும். இயந்திரம் படகினுள்ளே, அது சுழற்றும் விசிறியோ வெளியே, நீருக்குள்ளே. இரண்டையும் இணைக்கும் உருக்குத் தண்டு படகின் சுவரை ஊடறுத்துச் செல்லவேண்டும். அதாவது, நல்ல படகொன்றின் நீர்மட்டத்துக்குக் கீழே நாமே வேண்டுமென்று ஒரு துவாரம் இடுகின்றோம்.

அத்துவாரத்தின் தன்மையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அது நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே உள்ளது எனவும், விட்டம் ஓர் அங்குலம் எனவும் கொள்வோம். தொரிசெல்லியின் விதிப்படி, அந்த ஆழத்தில் நீர் உட்பாயும் வேகம் செக்கனுக்கு மூன்றரை மீற்றர் வரை ஆகும். துவாரத்தின் விளிம்பில் தாரை ஒடுங்குவதற்கு உரிய கழிவைக் கழித்தாலும், செக்கனுக்கு ஏறத்தாழ ஓர் இலீற்றர் நீர் உள்ளே வரும். ஒரு மணித்தியாலத்தில் மூவாயிரத்து அறுநூறு இலீற்றர். நிறையிலே மூன்றரைத் தொன்னுக்கு மேல். மேல்வகுப்பு மாணவர் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். ஓர் அங்குலத் துவாரம் அற்பமானது என்று எண்ணுபவர்க்கு இக்கணக்கு ஒன்றே போதும்.

நிலையாக நிற்கும் குழாயாயின் சுற்றிவரச் சாந்து பூசி அடைத்துவிடலாம். இதுவோ நிமிடத்துக்கு ஆயிரம் முறை வரை சுழலும் தண்டு. அடைப்பும் இருக்கவேண்டும், சுழலவும் விடவேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவதற்குக் கண்ட உபாயமே அடைப்புப் பெட்டி. ஆங்கிலேயர் இதனை ஸ்ரவ்விங் பொக்ஸ் என்பர். இது கப்பலுக்கென்று பிறந்ததன்று. நீராவி இயந்திரத்தை மேம்படுத்திய யேம்சு உவாற்று, மூடிய உருளையினுள் ஏறியிறங்கும் தண்டைச் சுற்றி ஆவி கசியாதிருக்க இத்தகைய அடைப்பையே பயன்படுத்தினார். நம்மூர்த் தோட்டங்களில் நீரிறைத்த பழைய பம்பிகளிலும் இதனைக் கண்டிருப்பீர்கள். பம்பியின் தண்டு வெளிவரும் இடத்தில், சதுரக் கயிறு போன்ற பாக்கிங் திணித்து, அதன்மேல் மூடியை வைத்து நட்டினால் இறுக்கியிருப்பர். படகிலும் அதுவே. ஆளி நாரைச் சதுரமாகப் பின்னி, மெழுகும் கொழுப்பும் ஊட்டிய கயிறு மூன்று அல்லது நான்கு வளையங்களாகத் தண்டைச் சுற்றி இருக்கும். பெரிய நட்டு ஒன்று அவற்றை நெருக்கும். நெருக்கப்பட்ட நார் பக்கவாட்டில் விரிந்து தண்டை அணைக்கும்.

இனி, அம்மையாரின் துளிக்கு வருவோம். சுழலும் தண்டும் அதனை அணைத்திருக்கும் நாரும் ஒன்றோடொன்று உராய்ந்தால் வெப்பம் பிறக்கும். அவ்வெப்பத்தை எடுத்துச் செல்வதும், இரண்டுக்குமிடையே வழுக்கலாக நிற்பதும் அந்த நீரே. உள்ளே வரக்கூடாது என்று நாம் தடுக்கும் கடல், ஒரு சிறிதளவு உள்ளே வந்து தன்னைத் தடுக்கும் அடைப்பைக் காக்கின்றது. இயந்திரம் ஓடும்போது நிமிடத்துக்கு நான்கு முதற் பத்துத் துளி வரை சொட்டுவதும், நின்றபின் சொட்டாதிருப்பதும் பழைய நார்ப் பாக்கிங்குக்கு நல்ல இலக்கணம். ஆகவே ஏழு துளி எனக் குறித்த அம்மையாரின் கணக்கு, அப்பெட்டி நலமாயிருக்கிறது என்பதற்கு அவரே எழுதிக்கொடுத்த சான்றிதழாகும். இயந்திரம் ஓடும்போதும் நின்றபின்னும் எனத் தனித்தனியே எண்ணினாரே, அதனை நாம் மிகவும் மெச்சுகின்றோம். நமது ஆய்கூடத்தில் அவ்வாறு எண்ணும் மாணவர் சிலரே.

இவ்வாறு சேரும் நீர் எவ்வளவு? இயந்திரம் இரவுபகல் ஓடிற்று என்றே கொண்டு, நிமிடத்துக்கு ஏழு துளி வீதம் ஒரு நாளுக்கு 10,080 துளி. இருபது துளி ஒரு மில்லி இலீற்றர் எனின், ஏறக்குறைய அரை இலீற்றர். ஒரு செம்பு நீர் கூட இல்லை. பாய்ப்படகின் இயந்திரமோ நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஓடினாற் பெரிது.

பக்கத்துப் படகுக்காரர் சொன்னபடி நட்டை இறுக்கினால் யாது நிகழும்? சொட்டு நிற்கும், உண்மை. நீர் வராத பாக்கிங் சூடேறும். ஊட்டிய மெழுகு உருகி ஓடும். நார் கருகிக் கல்லாகும். கல்லான நார் தண்டைத் தேய்த்து அதிற் பள்ளம் விழுத்தும். பள்ளம் விழுந்த தண்டில் எந்தப் புதிய பாக்கிங்கும் பொருந்தாது. அதன்பின் அது துளியாகச் சொட்டாது; ஒழுகும். அப்பொழுது தண்டையே மாற்றவேண்டிவரும். படகுத்துறை முதியவர் இவ்வளவையும் விரித்துரைக்கவில்லை. ‘தொடாதே’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார். அனுபவமுடையோர் பலர் இப்படித்தான். காரணத்தைக் கேட்டு அறிவது இளையவர் கடமை. இக்காலத்திற் கிடைக்கும் செயற்கைநார்ப் பாக்கிங்குகள் சில, மிகக் குறைந்த நீருடன், ஏறக்குறையச் சொட்டாமலே இயங்கவல்லன. அவற்றுக்கும் இலக்கணம் கையிலேதான்: அரைமணி நேரம் ஓட்டி, இயந்திரத்தை நிறுத்தி, தண்டு முற்றாக நின்றபின் பெட்டியின்மேற் கையை வைத்துப் பார்க்கவேண்டும். குளிர்ந்தோ இளஞ்சூடாகவோ இருப்பின் நன்று. கையை வைத்திருக்க முடியாத சூடாயின் நட்டைச் சிறிது தளர்த்தவேண்டும். சுழலும் தண்டின் அருகே கையையோ தொங்கும் ஆடையையோ கொண்டுபோதல் ஆகாது.

நீரே வழுக்கலாகும் என்னும் இவ்வுண்மையைக் கடலோடிகள் பெருஞ் செலவு செய்தே கற்றனர். விசிறிக் கப்பல் துடுப்புச் சக்கரக் கப்பலினும் வலியது என்பது 1845 ஆம் ஆண்டிலே பிரித்தானியக் கடற்படை நடத்திய இழுவைப் போட்டியில் வெளிப்பட்டது. ‘இரற்றிலர்’ என்னும் விசிறிக் கப்பல், ‘அலெக்றோ’ என்னும் சக்கரக் கப்பலைப் பின்முகமாக இழுத்துச் சென்றது. ஆயினும் விசிறிக் கப்பல்களின் தண்டைத் தாங்கிய உலோகப் படுக்கைகள் விரைவிலே தேய்ந்து, தண்டு ஆடி, நீர் உட்புகுந்தது. 1850 களில் யோன் பென் என்னும் இயந்திரவியலாளர் உலோகத்தை விட்டு மரத்தை நாடினார். மேற்கிந்தியத் தீவுகளில் வளரும் இலிக்னம் வைற்றே என்னும் மரம், நீரில் இட்டால் அமிழ்ந்துபோகும் அளவுக்கு அடர்த்தியானது; இயல்பிலேயே பிசினும் நெய்ப்பும் உடையது. அதன் துண்டுகளைத் தண்டைச் சுற்றி அடுக்கி, இடையிற் கடல்நீர் ஓட விட்டார். உலோகம் செய்யமாட்டாததை மரமும் நீரும் செய்தன. இன்றைய சிறு படகுகளில் அம்மரத்தின் இடத்தை, நீளவாட்டில் நீர்த்தவாளிப்புகள் வெட்டிய இறப்பர் உறை பிடித்துக்கொண்டுள்ளது. ஆயினும் வழுக்கச் செய்வது அதே கடல்நீர்தான்.

படகு மூழ்குவதற்குப் பாக்கிங்கைக் காட்டிலும் பெருங் காரணமாவது ஒன்றுண்டு. அதனை மாணவர் கடிதத்திற் குறிப்பிடவில்லை; நாமே கேட்டெழுதினோம். அடைப்புப் பெட்டி படகோடு நேரே பொருத்தப்பட்டிருப்பதில்லை. இயந்திரம் அதிரும்போது தண்டும் சிறிது அசையுமாதலால், பெட்டிக்கும் படகின் குழாய்க்கும் இடையே தடித்த இறப்பர்க் குழாய்த் துண்டு ஒன்று இருக்கும். அதனை இரு முனையிலும் கிளிப்புகள் பற்றியிருக்கும். ஒரு முனைக்கு இரண்டாக நான்கு. இவ்விறப்பர் வெடித்தாலோ கிளிப்பு துருவேறி அற்றாலோ, மேலே நாம் கணக்கிட்ட அந்தத் தாரை உள்ளே வரும். நெடுநாள் தொடப்படாத நட்டு இறுகிப்போயிருக்க, ஒற்றை ஸ்பானரை மாட்டி முழுப்பலத்தோடும் திருப்புவோர் உளர். நட்டு அசையாது, பெட்டி முழுவதும் திரும்பி இறப்பரைக் கிழித்துவிடும். இரண்டு ஸ்பானர்கள் வேண்டும்: ஒன்று பெட்டியைப் பிடிக்க, மற்றையது நட்டைத் திருப்ப. இரண்டாவது ஸ்பானரைத் தேடிக் கடைக்குப் போக அலுப்புப்படுபவர் இவ்வேலையைத் தொடாதிருத்தல் நன்று.

கடலில் ஓடும்போது மூழ்குவனவற்றைக் காட்டிலும், துறையிற் கட்டியபடியே மூழ்கும் படகுகள் மிகுதி என்பது படகுக் காப்புறுதிக்காரர் கண்ட உண்மை. ஓடும் படகில் ஆள் இருக்கிறார், காண்கிறார். கட்டிய படகில் யாரும் இல்லை. அடியிற் சேரும் நீரை இறைக்கத் தானே இயங்கும் மின்பம்பி இருக்குமே என்பீர்கள். உண்மையே, ஆனால் அது கசிவைத் தடுப்பதில்லை, மறைக்கின்றது. நாள்தோறும் சிறிது சிறிதாக இறைத்து இறைத்து மின்கலவடுக்கு ஓய்ந்த அன்றுதான் படகின் உண்மை நிலை வெளிப்படும்.

சொட்டவே சொட்டாத புதுவகை அடைப்புகளும் இன்று பெருகியுள்ளன. அவற்றுள் மிகப் பரவலான ஒன்றில், துருத்தி போன்ற இறப்பர் மடிப்புக் குழாயின் முனையிற் காபன் வளையம் ஒன்று இருக்கும். தண்டோடு சேர்ந்து சுழலும் கறையில் உருக்கு வளையம் ஒன்று அதன் முகத்தோடு முகம் பொருந்தி நிற்கும். துருத்தி சற்று அமுக்கிப் பொருத்தப்பட்டிருப்பதால், அது விரிய முயன்று காபனை உருக்கின்மேல் எப்பொழுதும் தள்ளிக்கொண்டிருக்கும். காபன் வளையத்தின் வழுவழுப்பு அதிலுள்ள காரீயத்தினால் வருவது. பென்சிலின் நடுவில் இருப்பதும், நமது நாட்டிற் போகலை, ககட்டகக சுரங்கங்களில் அகழப்படுவதும் இக்காரீயமே. இத்தகைய அடைப்பினாற் படகின் அடிப்பாகம் உலர்ந்திருக்கும், நாற்றமில்லை, துருவில்லை. எனினும் நமக்கு ஒரு சிறு மனக்குறை உண்டு. பழைய பெட்டி கெடும்போது துளிகள் ஏழு பத்தாகி, பத்து இருபதாகி, முன்னறிவித்தே கெடும். துருத்தி கிழிந்தால் முன்னறிவிப்பு இல்லை. ஆகவே ஆண்டுதோறும் துருத்தியின் ஒவ்வொரு மடிப்பையும் விரித்து, வெடிப்போ எண்ணெய் ஊறிய மென்மையோ உளதா எனத் தடவிப் பார்க்கவேண்டும். செய்தவர் குறித்த காலத்தில், பரவலான ஒரு வகைக்கு அது ஆறு ஆண்டு, வெளித்தோற்றம் நன்றாயிருப்பினும் துருத்தியை மாற்றவேண்டும். உருக்கு வளையத்தைத் தண்டோடு பிணைக்கும் சிறு திருகாணிகளை ஒருமுறை கழற்றினால் மறுபடி பயன்படுத்தலாகாது, புதியவை இடவேண்டும். ஒவ்வொரு துளையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு திருகாணி இருப்பதையும் மறவாதிருக்க. அவ்வளையம் தண்டில் வழுக்கிப் பின்னகர்ந்தால் இரு முகங்களும் பிரிந்துபோம்.

இனிக் குளிர்காலம். இதுதான் நம்மவர்க்குப் புதிய பாடம். நமது கடலோரத்தில் நீர் உறைவதில்லை. அந்நாட்டிலோ மார்கழி, தை மாதங்களில் வெப்பநிலை பூச்சியத்துக்குப் பத்துப் பாகை கீழும் போகும். மற்றைப் பொருள்கள் குளிர்ந்தாற் சுருங்குமாகவும், நீர் உறையும்போது விரிகின்றது என்பதைச் சிறுவகுப்பிலேயே கற்றிருக்கிறோம். விரிவு நூற்றுக்கு ஒன்பது அளவு. பதினொரு பங்கு நீர் ஏறத்தாழப் பன்னிரண்டு பங்கு பனிக்கட்டியாகும். இடம் இருந்தால் தீங்கில்லை. மூடிய இடத்தில் அகப்பட்ட நீர் உறைந்தால், வெண்கலமும் வெடிக்கும். துருத்தியின் மடிப்புக்குள்ளும் இறப்பர்க் குழாய்க்குள்ளும் தங்கும் நீர் அத்தகையதே.

ஆதலால் மசச்சூசெற்சு மக்களிற் பெரும்பாலோர், இலையுதிர் காலத்திலே படகைப் பாரந்தூக்கியினாற் கரையேற்றி, முட்டுக்கட்டைகளின்மேல் நிறுத்தி வைப்பர். தண்டு பின்புறமாகச் சரிந்திருக்குமாதலின், கரையேறியதும் குழாயிலுள்ள நீரின் பெரும்பகுதி தானே வெளியே வடிந்துவிடும். ஆனால் முட்டுக்கொடுப்பவர் படகின் முன்புறத்தைத் தாழ்த்தி நிறுத்திவிட்டாரெனின், நீர் வடியாது உள்ளேயே நிற்கும். எனவே படகு நிற்கும் சாய்வைப் பார்த்துக்கொள்ளுதல் முதல் வேலை. அடுத்து, துருத்தி வகையாயின் காபன் வளையத்தைச் சிறிது பின்னே தள்ளி, மடிப்புகளில் தங்கிய நீரை வெளியேற்றி, மென்துணியால் ஒற்றி, மறுபடி மெல்ல விடவேண்டும். நீர் இருந்து உறைந்தால் காபனும் உருக்கும் பனிக்கட்டியால் ஒட்டிக்கொள்ளும். அந்நிலையில் யாரேனும் வெளியே நின்று விசிறியைக் கையாற் சுழற்றிப் பார்த்தாற் காபனின் விளிம்பு உடைந்துபோம். சிறுவர்களுக்கு விசிறியைக் கண்டாற் சுழற்றும் ஆசை வரும், சொல்லி வைக்கவேண்டும். அடைப்புக்கு நீரூட்டும் சிறு குழாய் இயந்திரத்திலிருந்து வருமாயின், அதனையும் வடிக்கவேண்டும்.

வடித்தபின்னும் எங்கேனும் நீர் தங்கியிருக்கலாம் என்று ஐயுறுவோர் உறைதடுப்புத் திரவம் ஊற்றுவர். இங்கு ஓர் எச்சரிக்கை, தாய்மார் கவனிக்க. இத்திரவங்களில் இருவகை உண்டு. எதிலீன் கிளைக்கோல் என்பது கொடிய நஞ்சு. அதன் சுவையோ இனிப்பு. சிந்திய துளியை நாயும் பூனையும் நக்கி இறப்பதுண்டு. குழந்தைக்கும் அதே ஆபத்து. புறொப்பிலீன் கிளைக்கோல் என்னும் மற்றைய வகை நச்சுத்தன்மை மிகக் குறைந்தது. படகுகளுக்கென விற்கப்படும் இளஞ்சிவப்புத் திரவம் பெரும்பாலும் இதுவே. வாங்கும்போது நிறத்தை நம்பாது பெயரை வாசித்தே வாங்கவேண்டும்.

பழைய அடைப்புப் பெட்டி உடையவர்க்குக் கரையேறிய காலமே பாக்கிங்கைப் புதுக்குவதற்கு உரிய காலம். ஆண்டுதோறும் மாற்றவேண்டுவதில்லை, நட்டை இறுக்க இன்னும் புரி இருந்து, நார் மென்மையாக இருக்கும்வரை பழையதே போதும். மாற்றுவதாயின் பழைய வளையங்களை, திருகிய முனையுள்ள கொக்கியால் ஒவ்வொன்றாக இழுத்து எடுக்கவேண்டும். தண்டிற் கீறல் விழக்கூடாது. ஆழத்திற் கிடக்கும் கடைசி வளையத்தை எடுக்கச் சோம்பி அதன்மேலேயே புதியதைத் திணிப்பது பலர் செய்யும் குற்றம். கல்லாய்ப் போனது உள்ளேயே இருக்க, மேலே புதியது இருந்து என்ன பயன்? புதிய பாக்கிங்கின் பருமனைக் கணக்காற் காணலாம். பெட்டியின் உள்விட்டம் ஒன்றரை அங்குலம், தண்டு ஓர் அங்குலம் எனின், வித்தியாசம் அரை அங்குலம்; அதிற் பாதி கால் அங்குலம். அதுவே கயிற்றின் பருமன். கயிற்றைத் தண்டின்மேற் சுற்றி, முனைகள் சரியாகப் பொருந்துமாறு சாய்வாக வெட்டித் தனித்தனி வளையங்களாக இடவேண்டும். ஒரே நீளக் கயிற்றைச் சுருளாகச் சுற்றித் திணித்தால், அச்சுருளே நீர் ஏறிவரும் படிக்கட்டாகும். ஒரு வளையத்தின் பொருத்து அடுத்ததன் பொருத்துக்கு நேரே வராமல், வட்டத்தின் மூன்றிலொரு பங்கு தள்ளித் தள்ளி வைத்தல் வேண்டும். நட்டைக் கையால் மட்டும் இறுக்கி விட்டுவிடுக. மீதி, படகு நீரில் இறங்கியபின்.

பாக்கிங்கை எடுத்த வெளியிலே தண்டை நகத்தாற் கீறிப் பார்த்தல் நன்று. கறையில் உருக்குக்குக் கறை படியாது என்று பெயரே சொல்லினும், அது ஒட்சிசன் உள்ள இடத்துக்குத்தான். அவ்வுருக்கைக் காப்பது அதன் மேற்பரப்பிற் படியும் மெல்லிய ஒட்சைட்டுப் படலம். ஈர நாருக்குள் மாதக்கணக்கிற் காற்றின்றிக் கிடந்தால் அப்படலம் அழிய, ஊசித்துளை போன்ற குழிகள் தோன்றும். காரீயம் ஊட்டிய பாக்கிங்கைக் கடல்நீரில் இத்தகைய தண்டுக்கு இடுவதும் விரும்பத்தக்கதன்று. இரண்டும் உப்புநீரும் சேர்ந்து மின்கலமாகி, உருக்கு அரிபடும்.

இனி, மனிதர் மறதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஐப்பசியிற் பழைய பாக்கிங்கை எடுத்துவிட்டு, ‘புதியதை இளவேனிலில் இடுவோம்’ என்று விட்டுச் செல்வோர் உண்டு. இடையிலே ஆறுமாதம். சித்திரையிற் பாரந்தூக்கி வரும் நாளில், வெற்றுப் பெட்டியோடு படகு நீரில் இறங்கும். நமது எண்ணம், எடுத்த அன்றே புதியதை இட்டு முடிப்பதே. அது முடியாதாயின் ஓர் அட்டையில் ‘பாக்கிங் இல்லை, நீரில் இறக்காதே’ என்று எழுதி, இயந்திரத்தின் சாவியோடு கட்டிவிடவேண்டும், துறைப் பணிமனையிலும் எழுதிக் கொடுக்கவேண்டும். படகினுள்ளே எங்கோ ஒட்டிய துண்டை யாரும் படிக்கமாட்டார்கள்.

கரையில் நிற்கும் படகிலும் மழைநீர் புகுந்து அடியிற் சேர்ந்து உறையலாம். அது பெட்டியையும் குழாயையும் சுற்றி இறுகி அவற்றை நெரித்துவிடும். ஆகவே மேலே நல்ல மூடுதுணி இட்டு, மாதம் ஒருமுறை சென்று பார்க்கவேண்டும். சிலர் படகைக் குளிர்காலத்திலும் நீரிலேயே விடுவர். கடல்நீர் பூச்சியத்துக்கு ஏறத்தாழ இரண்டு பாகை கீழேதான் உறையும் என்பது அவர்கள் துணிவு. கழிமுகத் துறைகளில் ஆற்றுநீர் கலப்பதால் அக்கணக்குப் பிழைக்கும். பனி பெய்து மேற்தட்டிற் குவிந்தாற் படகு தாழும். மின்கலவடுக்கு மின்னிறங்கியிருந்தால் அதுவும் உறையும். நிறைய மின்னேற்றியது அவ்வளவு எளிதில் உறையாது. மாணவர் தம் படகைக் கரையேற்றப் போவதாக எழுதியிருப்பது நமக்கு மகிழ்ச்சியே. செலவு மிகுதிதான், ஆயினும் இரவிற் பனிப்புயல் அடிக்கும்போது வீட்டிற் படுத்து உறங்கலாம்.

இளவேனிலிற் படகு நீரில் இறங்கும்போது, பாரந்தூக்கியின் பட்டிகளை உடனே கழற்றவேண்டாம் என்று இயக்குபவரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளவேண்டும். படகு பட்டியிலே தொங்கும் நிலையில், ஒருவர் உள்ளே இறங்கி, விளக்கைப் பிடித்து அடைப்பைப் பார்க்கவேண்டும். துருத்தி வகையாயின், இயந்திரத்தை இயக்குமுன், காபனைச் சற்றே பின்னிழுத்து உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றவேண்டும். நீர் பீறிட்டு வந்ததும் விட்டுவிடலாம். காற்று அங்கே நின்றுவிட்டாற் காபன் உலர்ந்து ஓடிச் சூடேறும். நார்ப் பாக்கிங் ஆயின், கரையில் உலர்ந்த நார் நீர் குடித்து ஊதும்வரை முதலில் மிகுதியாகச் சொட்டும். அதைக் கண்டு பதறி இறுக்கிவிடலாகாது. ஓரிரு நாள் பொறுத்து, இயந்திரத்தை ஓட்டி, நட்டின் ஆறு முகங்களில் ஒரு முகம் அளவு திருப்பி, எண்ணி, மறுபடி ஒரு முகம் திருப்பி, எண்ணி, வேண்டிய துளிக்கு வந்ததும் பூட்டுநட்டை இறுக்கவேண்டும். இயந்திரமும் தண்டும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்பதையும் அப்பொழுதே, படகு நீரில் மிதக்கும்போதே அளக்கவேண்டும். இணைப்பு வட்டின் விட்டம் நான்கு அங்குலம் எனின், இடைவெளியின் வேறுபாடு அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்குக்கு மேற்படலாகாது. கரையில் முட்டுக்கட்டைமேல் நின்றபோது எடுத்த அளவு பயன்படாது. நீரில் இறங்கிய படகின் உடல் சிறிது உருமாறும்.

அன்று மாலை ஒருமுறை, மறுநாட் காலை ஒருமுறை, அதற்கடுத்த நாள் ஒருமுறை என்று மூன்று நாள் அந்தப் பெட்டியைப் பார்த்துத் துளிகளை எண்ணி, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வைக்குமாறு மாணவருக்கு எழுதியுள்ளோம். எண்ணும் பொறுப்பை அம்மையாரிடமே விட்டுவிடுமாறும் சேர்த்து எழுதினோம்.